ஊமத்தம்பாளையம் ஆலைக்கு ஆள் எடுத்த கதை

ஊமத்தம்பாளையத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று அக்கம்பக்கத்து ஊர்களில் சொல்வது அவதூறு. இருக்கிறது. தேய்ந்துவிடும் என்று எடுத்துப் புழங்குவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் ஒரு புழுங்கலரிசி ஆலை. அதற்கு மூன்று முதலாளிகள். மூத்தவர் நாச்சிமுத்து. மற்ற இருவரும் அவர் மனைவியின் தம்பிகள்: சென்னியப்பன், குப்பண்ணன். ஆலை மாமனார் விட்டுப்போனது. நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, பாய்லர் ஆவியில் வேகவைத்து, காயவைத்து அரைத்தால் அரிசி. அந்தப் பாய்லரை நெடுங்காலமாகப் பார்த்துக்கொண்டிருந்த மாரப்பன் ஒரு நாள் காலையில், மகனோடு இருக்கப் போகிறேன் என்று திருப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டார். தொட்டியில் காளியண்ணன் என்ற விவசாயியின் நெல் ஊறிக்கொண்டிருந்தது.

மதியமே அங்கமுத்து வந்து நின்றான். பாய்லர் ஓட்டத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கியவன்.

"எனக்கு நிரந்தரமாவே வேலை வேணுமுங்க முதலாளி" என்றான்.

"வந்ததும் வராததுமா அதென்னப்பா அவ்வளவு அவசரம்?"

"பொண்ணு பார்த்திருக்குதுங்க. பூவாத்தாள்னு. உங்க தொட்டியில நெல்லு ஊறுதே, அந்தக் காளியண்ணனோட மகதானுங்க. நிரந்தர வேலைக்காரனுக்குத்தான் பொண்ணுங்கறாரு. ஆவணிக்குள்ள ஆகலைன்னா வேற எடம் பார்த்துருவாருங்க."

ஆள் எடுப்பது விளையாட்டல்ல என்பதால் மூவரும் ஈரோட்டுக்குப் போய் ஆடிட்டரைக் கேட்டார்கள். அவர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "ரெண்டு வழி இருக்கு. நேர்முகத் தேர்வு நடத்தி, பிடிச்சிருந்தா நேரடியா முதல் நாளே நிரந்தரமா எடுத்துக்கலாம். சரிப்படலைன்னா அனுப்பறது கஷ்டம். இல்லைன்னா மூணு மாசம் தற்காலிகமா வெச்சுப் பாருங்க. தேறினா நிரந்தரம் பண்ணுங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். நிரந்தர ஆளுக்குக் கொடுத்தது எதையும் தற்காலிக ஆளுக்குக் கொடுத்துடாதீங்க. பின்னாடி வம்பு."

திரும்பும் பஸ்ஸில் விவாதம் தொடங்கியது.

"நேரடியா எடுக்கறதுதான் மரியாதை" என்றார் நாச்சிமுத்து. "உங்க அக்காவை எனக்குக் கட்டி வெச்சப்ப, மூணு மாசம் வெச்சா பார்த்தாங்க?"

சென்னியப்பன் தம்பியைப் பார்த்தார். தம்பி சன்னலைப் பார்த்தார்.

"அதனாலதான் மாமா சொல்றேன்" என்றார் சென்னியப்பன். "நேரடியா எடுத்தா அப்புறம் அனுப்ப முடியாதுன்னு ஆடிட்டர் சொன்னது எங்க வீட்டுல ஏற்கெனவே தெரிஞ்ச விசயம்."

"சந்தையில மாடு வாங்கறப்பகூட ஓட்டிப் பார்த்துட்டுத்தானே வாங்கறோம்?" என்றார் குப்பண்ணன்.

"மாடு நம்மளை ஓட்டிப் பார்க்குதா?"

"அது அதோட பெருந்தன்மை மாமா."

மாட்டின் பெருந்தன்மையிடம் நாச்சிமுத்து தோற்றார். யாருக்கும் மனக்குறை வேண்டாமென்று, காலையில் நேரடியாகவும் மதியத்துக்கு மேல் தற்காலிகமாகவும் வைத்துக்கொள்ளலாம் என்று குப்பண்ணன் ஒரு சமரசம் சொன்னார். பன்னிரண்டு மணிக்குச் சோறு தின்றுகொண்டிருந்தால் அவன் யார் என்ற கேள்விக்கு விடை கிடைக்காததால் அது கைவிடப்பட்டது. தற்காலிகம் என்று முடிவானது.

மறுநாள் ஆலைக்குள் மூன்று நாற்காலிகள் போடப்பட்டன. வெச்சுப் பாருங்க என்றல்லவா ஆடிட்டர் சொன்னார்? அங்கமுத்துவை நடுவில் நிற்கவைத்து மூவரும் பார்த்தார்கள்.

"என்னங்க முதலாளி, வேலையை ஆரம்பிக்கட்டுங்களா?"

"அசையாதே. அசைஞ்சா சரியாப் பார்க்க முடியலை."

நல்ல ஆளாகத்தான் தெரிந்தான். ஆனாலும் மூன்று மாதம் பார்க்கச் சொல்லியிருக்கும்போது ஒரே காலையில் பார்த்து முடித்துவிடுவது ஆடிட்டரை அவமதிப்பதாகும். எனவே தொடர்ந்து பார்த்தார்கள். ஒருவர் கண் சிமிட்டும்போது மற்ற இருவரும் சிமிட்டக் கூடாது என்று ஏற்பாடு.

கடைசியில் அங்கமுத்துவே பொறுமையிழந்து, "பாய்லர் சாவியைக் கொடுங்க. உமியை அள்ளிப் போட்டுப் பத்த வெக்கறேன்" என்றான்.

"சாவி யாருகிட்ட இருந்துச்சு?" என்றார் நாச்சிமுத்து.

"மாரப்பன்கிட்டீங்க."

"மாரப்பன் யாரு? நிரந்தரம். நிரந்தரத்துக்குக் கொடுத்ததை உனக்குக் கொடுக்கலாமா?"

அதே காரணத்தால் உமி அள்ளும் மண்வெட்டி இல்லை என்றாயிற்று. தீப்பெட்டி இல்லை. தேநீரும் இல்லை. மாரப்பன் குடித்திருக்கிறார்.

"அப்புறம் நான் வேலை தெரிஞ்சவனான்னு எப்படீங்க தெரிஞ்சுக்குவீங்க?"

சென்னியப்பன் தோளில் தட்டிக்கொடுத்தார். "அதுக்கென்ன தம்பி? நீ நிரந்தரமானதும் சாவி கொடுப்போமில்ல, அப்பத் தெரிஞ்சுட்டுப் போகுது."

நிரந்தரமாக வேண்டுமானால் வேலையைக் காட்ட வேண்டும். வேலையைக் காட்ட வேண்டுமானால் நிரந்தரமாக வேண்டும். தர்க்க சாஸ்திரம் படித்தவர்கள் இதில் ஒரு குறை கண்டுபிடிக்கக்கூடும். ஊமத்தம்பாளையத்தில் அதைப் படித்தவர்கள் இல்லாததால் குறையும் இல்லை.

பிறகு குப்பண்ணன் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். "மாமா, இது மாரப்பனுக்குன்னு ரொப்பின தண்ணி!"

உடனே மதகைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் போனது. ஊறிய நெல் ஈரத்தோடு கிடந்தது. அங்கமுத்து தலையிலடித்துக்கொண்டு, "முளைச்சுக்குமுங்க, முளைச்சுக்குமுங்க" என்று கத்தினான். தற்காலிக ஆளின் கருத்து என்று மூவரும் அதைத் தற்காலிகமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

சில நாள் கழித்துக் காளியண்ணன் வண்டியோடு அரிசி ஏற்ற வந்தார். தொட்டியில் பச்சைப்பசேலென்று நாற்று நின்றது.

"அரிசி எங்கீங்க?"

"அரிசியைக் கேட்டீங்கன்னா," என்றார் நாச்சிமுத்து பெருமையாக, "நெல்லு இப்ப அதுக்கு ஒரு போகம் முன்னாடி நிக்குதுங்க. நாத்து விட்டதுக்குக் கூலி வேண்டாமுங்க. பழக்கத்துக்குச் செஞ்சது."

காளியண்ணன் வண்டிக் கயிற்றைக் கீழே போட்டார். அங்கமுத்துவின் பக்கம் திரும்பினார். "இதானா உன்ற லட்சணம்? உனக்குப் பொண்ணு கொடுத்தா அவளையும் மொளைக்க விட்டுருவியா?"

"நான் தொடவே இல்லீங்க மாமா! தொட விட்டாத்தானுங்களே? நான் தற்காலிகமுங்க."

நடந்ததை எல்லாம் கேட்டதும் காளியண்ணனின் கோபம் நாற்காலிகளின் பக்கம் போனது. "மூணு மாசம் வெச்சுப் பார்க்கறாங்களாம்! உங்க மூணு பேரை எவன் வெச்சுப் பார்த்து முதலாளி ஆக்கினான்? இன்னொரு லோடு கொண்டாரேன். அது வெந்து வண்டி ஏறறதுக்குள்ள இந்தப் பையன் நிரந்தரமான்னு ஒரு வார்த்தை வந்தாகணும். இல்லைன்னா பொண்ணும் இல்லை, இனி இந்த ஆலைக்கு என்ற நெல்லும் இல்லை."

அவர் திட்டிவிட்டுப் போனார். மூவரும் அதைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

"எவன் வெச்சுப் பார்த்தான்?" என்றார் நாச்சிமுத்து மெல்ல.

"எங்கப்பா கண்ணை மூடினாரு, நாங்க வந்து உக்கார்ந்தோம்" என்றார் சென்னியப்பன். "நேர்முகத் தேர்வுகூட நடக்கலை."

"அப்ப நாம நிரந்தரமே இல்லையா?"

மூவரும் நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்து நின்றுகொண்டார்கள். நாற்காலி நிரந்தர முதலாளிக்குரியது.

பெரிய சிக்கல். தற்காலிக முதலாளி ஒருவனை நிரந்தரமாக்கினால் செல்லுமா? செல்லாது. அப்படியானால் ஆலையில் நிரந்தரமாக இருப்பது யார்? சுற்றும் முற்றும் பார்த்தார்கள். தாத்தா காலத்திலிருந்து ஒரு நாள் லீவு போடாமல் அதே இடத்தில் நிற்பது பாய்லர் ஒன்றுதான்.

"அங்கமுத்து," என்றார் நாச்சிமுத்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எங்க கையில ஒண்ணுமில்லைப்பா. அவங்ககிட்டக் கேட்டுக்க."

அங்கமுத்து பாய்லரைப் பார்த்தான், முதலாளிகளைப் பார்த்தான், ஆவணி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதையும் மனதுக்குள் பார்த்தான்.

"கேட்டுறலாமுங்க. ஆனா அவங்க வெறும் வயித்துல பேச மாட்டாங்க. உமி போடோணும், தண்ணி காட்டோணும். சாவி வேணுமுங்க."

சாவி வந்தது. மண்வெட்டி வந்தது. தீப்பெட்டியைக் குப்பண்ணன் இரண்டு கையாலும் கொடுத்தார். அங்கமுத்துவுக்குக் கொடுக்கவில்லையே, பாய்லர் பெரியவருக்குப் படைக்கிறார்கள். அதனால் விதி மீறப்படவில்லை.

காளியண்ணனின் இரண்டாவது லோடு ஊறி முடிந்த அன்று அடுப்பு சீறியது. ஆவி ஏறியது. நெல் வெந்த வாசம் ஊர் முழுக்கப் போனது. காளியண்ணன் தொட்டியிலிருந்து ஒரு பிடி அள்ளி, ஒரு நெல்லை நகத்தால் உரித்துப் பார்த்து, தலையாட்டினார்.

"ஐயா," என்று பாய்லர் முன்னால் கைகட்டி நின்றார் நாச்சிமுத்து, "இந்தப் பையன் நிரந்தரமுங்களா?"

அங்கமுத்து பின்பக்கமாகப் போய்ச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். ஆலைச் சங்கு ஊரே நடுங்கும்படி ஊதியது. காக்கைகள் பறந்தன.

"சொல்லிட்டாங்க!" என்று மூவரும் குதித்தார்கள்.

காளியண்ணன் காதிலிருந்து விரலை எடுத்தார். "எவன் சொன்னா என்ன, சொன்னது ஊருக்கே கேட்டுப் போச்சு. வா மாப்பிள்ளை, தட்டு மாத்திக்கலாம்." அங்கமுத்து, உள்ளே கிடந்த உமி எரிந்து அடங்கட்டும் என்று அடுப்பை விட்டுவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு அவர் பின்னால் ஓடினான்.

மூவரும் பாய்லர் முன்னாலேயே நின்றார்கள்.

"நம்ம சங்கதியை இன்னும் சொல்லலையே மாமா" என்றார் குப்பண்ணன்.

"மூணு மாசம் வெச்சுப் பார்ப்பாங்களாட்ட இருக்குது."

"வேண்டாம் மாமா. நெல்லு மொளைச்ச கதை ஆயிரும். நேரடியாவே கேட்டுறலாம்."

எனவே மூவரும் வெளியே போய், குழாயடியில் முகம் கழுவி, தலை வாரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, "உள்ளே வரலாமுங்களா?" என்று கேட்டு, கொஞ்சம் காத்திருந்து, ஒவ்வொருவராக நுழைந்து அடுப்பு வாய்க்கு எதிரே வரிசையாக நின்றார்கள். வேர்த்து ஊற்றியது. நேர்முகத் தேர்வு என்றால் வேர்க்கத்தான் செய்யும்.

மேலே ஆவி மிஞ்சியதால் பாய்லரின் வால்வு தானாகத் திறந்து, "புஸ்ஸ்ஸ்" என்று நீளமாக மூச்சு விட்டது.

குப்பண்ணன் நாச்சிமுத்துவின் விலாவில் இடித்தார். "மாமா, என்னமோ கேட்கறாங்க. பதில் சொல்லுங்க."

நாச்சிமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சம்பளமுங்களா? அது நீங்களாப் பார்த்து என்ன கொடுத்தாலும் சரீங்க."