இரட்டு உடுத்திய அக்சாள்

ஆடும் மாடும் மனுஷரோடு சரிக்குச் சரி வாயாடிய காலம் அது. அந்தக் காலத்தில், ஒலிவ மரங்கள் நிறைந்த ஒரு மலையின் மேல் கல்மதில் சூழ்ந்த பட்டணம் ஒன்று இருந்தது. பட்டணத்துக்கு வாசல் இரண்டு. கிழக்கு வாசல் பெரியது. மூப்பர்கள் உட்கார்ந்து நியாயம் பேசுவதும், கல்யாண ஊர்வலம் போவதும் அங்கேதான். இன்னொன்று குப்பை வாசல். அந்த வழியாக என்ன போகும் என்று நான் வேறு சொல்ல வேண்டுமா?

அந்த ஊரில் சாவுக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். செத்தவரைக் கிழக்கு வாசல் வழியாக, வாய்விட்டு அழுதபடி எடுத்துப்போக வேண்டுமானால், அழுகிறவர் 'எந்தச் சந்தோஷத்துக்கும் உடுத்தாத தனி உடுப்பு' போட்டிருக்க வேண்டும். மூப்பர்கள் வீட்டில் அதற்கென்றே நீலச் சாயம் தோய்த்த மெல்லிய கம்பளி அங்கிகள் பெட்டிக்குள் மணத்துக்கொண்டு கிடந்தன. இல்லாதப்பட்டவர்களுக்கு இருப்பதே ஒரே அங்கி. அதைப் போட்டுக்கொண்டுதான் கல்யாணத்துக்கும் போக வேண்டும், களத்துக்கும் போக வேண்டும். ஆகவே அவர்கள் வீட்டுப் பிணம் குப்பை வாசல் வழியாகச் சத்தமில்லாமல் போகும். இத்தனை ஏழைகளும் அழ ஆரம்பித்தால் கடைத்தெருவில் வியாபாரம் என்னாவது என்பது மூப்பர்களின் கவலை. நல்ல கவலை, போங்கள்!

அந்தப் பட்டணத்தில் அக்சாள் என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் ஏலோன் கிணறு வெட்டுகிறவன். கிழக்கு வாசலுக்குப் பக்கத்தில் ஊரே தண்ணீர் இறைக்கும் பெரிய கிணறு அவன் வெட்டியதுதான். ஒருநாள் காலையில் வேறொரு கிணற்றில் இறங்கியபோது பக்கச்சுவர் சரிந்து ஏலோன் செத்துப்போனான். கூட வேலை செய்தவர்கள் நாலு பேர் அவனைப் பாடையில் தூக்கிவந்து வீட்டு முற்றத்தில் இறக்கினார்கள். வெயில் காயும் ஊர். பொழுது சாய்வதற்குள் அடக்கம் பண்ணியாக வேண்டும்.

அடுத்த வீட்டு மில்காள் ஓடிவந்தாள். அக்சாளின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, "அக்சா, மனசைக் கல்லாக்கிக்கோடி. குப்பை வாசல் பக்கம் பேசி வச்சிருக்கேன். சத்தம் போடாம கொண்டுபோயிடலாம். என் புருஷனையும் அப்படித்தானே கொண்டுபோனோம்" என்றாள்.

அக்சாள் அவள் தோளிலிருந்து தலையை நிமிர்த்தினாள். ஊருக்கே தண்ணீர் கொடுத்த மனுஷன் குப்பையோடு குப்பையாகப் போவதா? அவள் ஏலோனுடைய கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் ஈரமண் இருந்தது. "மாட்டேன் அக்கா. என் வீட்டுக்காரர் கிழக்கு வாசல் வழியாத்தான் போவார். நான் வாய்விட்டு அழுதுக்கிட்டே பின்னாடி போவேன்" என்றாள்.

"நீல அங்கிக்கு எங்கே போவே?"

பதில் சொன்னது கறுப்பி. கறுப்பி அவள் வளர்த்த வெள்ளாடு. கன்னங்கரேல் என்று நீண்ட ரோமம். அந்தக் காலத்து வெள்ளாடுகளுக்குக் குரல் அவ்வளவு தெளிவு. பாடினால் தெரு நின்று கேட்கும். வாயோ, கேட்கவே வேண்டாம்.

"சட்டத்துல நீலம்னு எங்கே இருக்கு?" என்றது கறுப்பி. "சந்தோஷத்துக்கு உடுத்தாத உடுப்புன்னுதானே இருக்கு? வீட்டுக்குள்ளே அந்த மூலையைப் பாரு."

அக்சாள் திரும்பிப் பார்த்தாள். மூலையில் பயறு மூட்டை ஒன்று நின்றது. மழைக்காலம் முழுக்க அவர்கள் உண்ண வேண்டிய சிவப்புப் பயறு, வெள்ளாட்டு ரோமத்தில் நெய்த இரட்டுச் சாக்கில் கட்டியிருந்தது.

"அது எங்கம்மா ரோமம்" என்றது கறுப்பி. அதன் குரல் கொஞ்சம் இறங்கியது. "நெய்த நாளிலேருந்து அது ஒரு கல்யாணத்துக்குப் போனதில்லை, ஒரு கூத்துக்கு ஆடினதில்லை. உடம்பில் பட்டா குத்தும், அரிக்கும். இன்னிக்கு உனக்குப் பட்டு மாதிரி ஒண்ணு உடுத்தினா தாங்குமா, சொல்லு?"

அக்சாள் எழுந்தாள். ஒரே இழுப்பில் மூட்டையின் கட்டை அவிழ்த்துத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பயறு தரை முழுக்கச் சிதறி ஓடியது.

"அடி பாவி, புத்தி பேதலிச்சுப் போச்சா? மழைக்காலத்துக்கு என்னத்தைத் தின்பே?" என்று மில்காள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம் அக்கா" என்றாள் அக்சாள். சாக்கைத் தையல் பிரித்து விரித்து, தன் அங்கிக்கு மேல் இடுப்பைச் சுற்றி இறுகக் கட்டினாள். கிணறு வெட்டுகிறவர்கள் நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குனிந்து பாடையைத் தூக்கினார்கள். கறுப்பி முன்னால் நடந்தது. மில்காள் இன்னும் புலம்பிக்கொண்டேதான் பின்னால் வந்தாள், ஆனாலும் வந்தாள்.

கடைத்தெருவே வேலையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது. குப்பை வாசல் பக்கம் திரும்ப வேண்டிய முனையில் பாடை திரும்பாமல் நேராகப் போனது. கிழக்கு வாசலில் காவல்காரன் பெனாயா ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். அவனுக்குப் பின்னால் மூப்பர்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"நில்லும்மா. துக்க உடுப்பு எங்கே?"

"இடுப்பில் கட்டியிருக்கேனே, கண் தெரியலையா அண்ணே?"

"இது சாக்கு!"

"எந்தச் சந்தோஷத்துக்கும் உடுத்தாதது. ஊரில் யாராவது இதை உடுத்திக் கல்யாணத்துக்குப் போனதைப் பார்த்திருந்தா சொல்லச் சொல்லுங்க. நான் திரும்பிப் போறேன்."

மூப்பர் ஒருவருடைய கொழுத்த செம்மறி அங்கே கட்டிக்கிடந்தது. அது தலையைத் தூக்கி, "சாக்கு கட்டின சீமாட்டியைப் பாருங்களேன்!" என்று சிரித்தது.

கறுப்பி விடுமா? "போடி! உன் ரோமம் மணவறையிலும் குலுக்கும், இழவு வீட்டிலும் மினுக்கும். எங்க ரோமத்துக்கு அந்த இரட்டை நாக்கு கிடையாது" என்றது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

மூப்பருக்கு முகம் சிவந்தது. "பெனாயா, என்ன வேடிக்கை பார்க்கிறாய்? பிடித்துத் தள்ளு!" என்று கத்தினார்.

பெனாயா அக்சாளின் அங்கியைக் கழுத்தோரம் பற்றி இழுத்தான். பழைய துணிதானே, பர்ரென்று கிழிந்து ஒரு துண்டு அவன் கையோடு வந்துவிட்டது. அக்சாள் குனிந்து அந்தக் கிழிசலைப் பார்த்தாள். மூடிக்கொள்ளவில்லை. ஓரத்தைத் தன் இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சுக்கு நேரே வரும்வரை தானே கிழித்தாள்.

"நீங்க கிழிச்சது பத்தாது அண்ணே. உள்ளே இதைவிட மோசமாக் கிழிஞ்சு கிடக்கு. எல்லாரும் பார்க்கட்டும்!"

சொல்லிவிட்டு, "ஐயோ, என் ராசா!" என்று வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை மதிலில் மோதித் திரும்பி வந்தது. கறுப்பியும் கூடவே அழுதது. அப்படி அழுததில் அதன் மணிக்குரல் உடைந்தே போயிற்று. அதற்குப்பிறகு அது ஒட்டவே இல்லை. இன்றைக்கும் வெள்ளாடு கத்தினால் குரல் நடுங்குகிறதே, அது அன்றைக்கு உடைந்ததுதான்.

பெனாயா கையிலிருந்த துணித் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றான். போன கோடையில் அவனைப் பெற்றவள் செத்தாள். காவல்காரனுக்கு நீல அங்கி யார் கொடுப்பார்? உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தம் வராமல், குப்பை வாசல் வழியாக அவளைத் தூக்கிப்போனவன் அவன். மறுநாளே இந்த வாசலில் ஈட்டியோடு நின்று மற்றவர்களைத் தடுத்தான். அதை நினைத்ததும் அவன் கையிலிருந்து ஈட்டி கீழே விழுந்தது. தன் சட்டையைக் கழுத்தில் பிடித்து நெஞ்சுவரை கிழித்துக்கொண்டு, "அம்மா!" என்று அலறினான்.

அவ்வளவுதான். மில்காளின் அங்கி கிழிந்தது. பாடை தூக்கியவர்களில் ஒருவன், தோளில் பாரத்தோடே ஒற்றைக் கையால் தன் சட்டையைக் கிழித்தான். மீன் விற்றவள் கிழித்தாள், ரொட்டி சுட்டவள் கிழித்தாள். கிழிக்க மனம் வந்தும் துணி முரடாக இருந்தவர்கள் ரொட்டி அடுப்பிலிருந்து சாம்பலை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டார்கள். எத்தனையோ வருஷமாக விழுங்கி வைத்த அழுகை! அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் பால்குடிப் பிள்ளைக்கும் எல்லாம் சேர்த்து அன்றைக்கு அழுது தீர்த்தார்கள். கடைத்தெருவில் ஒருவரும் ஒன்றும் வாங்கவில்லை, ஒருவரும் விற்கவும் இல்லை.

"உன் வேலை போகும், தெரியுமா?" என்றார் மூப்பர்.

"போகட்டும் ஐயா" என்றான் பெனாயா. தாழ்ப்பாளைத் தூக்கி இரண்டு கதவையும் விரியத் திறந்தான். மூப்பர்கள் எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். வேறு என்ன செய்வார்கள்? ஊரே எதிரில் வந்துகொண்டிருந்தது. ஏலோன் தான் வெட்டிய கிணற்றைத் தாண்டி, கிழக்கு வாசல் வழியாக, வெயில் முகத்தில் பட, நாலு பேர் தோளில் உயரமாகப் போனான். ராஜாவுக்கும் அந்த ஊரில் அவ்வளவு பெரிய ஊர்வலம் போனதில்லை. அக்சாள் இரட்டுச் சாக்கைக் கட்டிக்கொண்டு தலை நிமிர்ந்து பின்னால் நடந்தாள். அழுதாள், ஆனால் குனியவில்லை.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவள் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். தரையில் ஒரு பயறு இல்லை. தெருப் பெண்கள் கூட்டிப் பெருக்கி, கல்லும் மண்ணும் பொறுக்கி, தங்கள் வீட்டு அடுப்பில் வேகவைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். மில்காள் கிண்ணத்தை அவள் கையில் வைத்து, "உன் அடுப்பை நீ மூட்டாதே. மழைக்காலம் முழுக்க இந்தத் தெரு உனக்குச் சோறு போடும்" என்றாள். பிறகு எல்லோரும் அவளைச் சுற்றித் தரையிலேயே உட்கார்ந்தார்கள். என்ன சொல்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து அக்சாள்தான் வாய் திறந்தாள்.

"அவர் வெட்டின கிணறு எதுவும் உப்புக் கரிச்சதே இல்லை" என்றாள்.

"ஆமாம்மா, கரிச்சதே இல்லை" என்றார்கள் எல்லோரும்.

அந்த நாள் தொட்டுத்தான், துக்கம் வந்தபோது ராஜாவும் கூலிக்காரனும் ஒரே இரட்டுத் துணியை இடுப்பில் கட்டிச் சாம்பலில் உட்கார்ந்தார்கள். யூதர்கள் இன்றும் தங்கள் அங்கியை நெஞ்சோரம் கிழித்துக்கொள்வதும், இழவு வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் பயறு சமைத்துக் கொண்டுபோவதும், துக்கப்படுகிறவர் பேசும்வரை வந்தவர் பேசாமல் இருப்பதும், கிறிஸ்தவர்கள் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்வதும் அந்த நாள் தொட்டுத்தான். வாய்விட்டு அழ வருகிற ஏழையிடம் எந்த வாசலிலும் யாரும், "உன் உடுப்பு எங்கே?" என்று கேட்காததும் அன்றிலிருந்துதான்.