தொட்டி மூடியும் மூன்று மாணவரும்

உரிமை கொண்டாடுவோர் மூவர், இடமோ ஒன்றே. அப்படி ஒரு வழக்கைக் கேளுங்கள். கேட்டபின் தீர்ப்பு உங்களுடையது.

உப்பளங்களுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடம். அங்கே நன்னெறி வகுப்பு தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. அதனால் பிள்ளைகளிடம் விளைந்த பயன் என்ன என்று மதிப்பிட்டு எழுதப் பூங்கோதை என்னும் அதிகாரி வந்தாள். அவள் வந்தபோது அந்தப் பள்ளியில் ஒரு சாவு நிகழ்ந்து பன்னிரண்டு நாள் கழிந்திருந்தது.

குழாயில் நீர் வராத ஒரு நண்பகலில், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் மூவர் நிலத்தடித் தொட்டியின் இரும்பு மூடியைப் புரட்டி நீர் மொண்டார்கள். மணி அடித்தது. மற்றவர் மூடுவார் என்று ஒவ்வொருவரும் எண்ணி ஓடினார்கள். இரண்டாம் வகுப்புச் செல்வக்கனி அதில் விழுந்து இறந்தாள். தொட்டியைத் திறந்து மூடுவது காவலாளி மாசானத்தின் வேலை. ஆகவே போலீசார் அவரைக் கொண்டுபோனார்கள். ஒன்பதாம் நாள் அவர் விடுபட்டு வந்தபோது, வாங்கிய அடியில் வலக்காது கேளாமற் போயிருந்தது.

மூவரையும் நீக்க வேண்டும் என்று ஊர் கூடிச் சொன்னது. ஆசிரியர்கள் மன்றாடியபின் ஒரு சலுகை தந்தது: எந்தப் பிள்ளையிடம் நன்னெறிப் பாடம் பலித்தது என்று அதிகாரி எழுதித் தருகிறாரோ, அந்த ஒரு பிள்ளை மட்டும் பள்ளியில் இருக்கலாம்.

பூங்கோதை ஒழுங்குப் பதிவேட்டைப் படித்துவிட்டு, மூவரையும் தனித்தனியே அழைத்தாள்.

ஜெபராணி, ஆறாம் வகுப்பில் எவரும் பாராதபோது ஆய்வகக் குடுவையை உடைத்துவிட்டு, தானே போய்ச் சொன்னவள். அப்போது நன்னெறி வகுப்பே கிடையாது.

“அன்னைக்குச் சாயங்காலமே தலைமையாசிரியர்கிட்ட சொல்லிட்டேன் மேடம். ‘ஆய்வுக்கு வாராங்க, அது முடியுற வரைக்கும் வாயத் திறக்காத’ன்னு சொன்னாங்க. பெரியவங்க சொல்லுதாங்களேன்னு இருந்துட்டேன்.”

இசக்கிமுத்துவின் மேல் பதிவேட்டில் ஒரு குறையும் இல்லை. நன்னெறித் தேர்வில் தொண்ணூற்றெட்டு. மற்ற இருவரும் ஒப்புக்கொண்ட பிறகு நான்கு பக்க மன்னிப்புக் கடிதம் கொடுத்திருந்தான். “மூணாம் பாடம், ஏழாம் பாடம் ரெண்டையும் சேத்து எழுதியிருக்கேன் மேடம்” என்றான்.

சுடலைமணி, சென்ற ஆண்டு, நன்னெறி வகுப்பு தொடங்குமுன், சன்னலைக் கல்லால் உடைத்தவன். பழி உடன்படித்த சலீமின் மேல் விழுந்தது; சலீம் பிரம்படி வாங்கியபோது இவன் நின்று சிரித்தான். ஒன்பதாம் நாள் காலை போலீஸ் நிலையத்துக்குத் தனியே நடந்துபோய், “நான் ஒருத்தன்தான் தொறந்தேன். வேற யாரும் அங்க இல்ல” என்று சொன்னவனும் இவனே. மாசானம் விடுபட்டது அந்தச் சொல்லால். அதைக் கேட்டு ஓடிவந்த ஜெபராணி, “இல்ல, நாங்க மூணு பேரும்” என்று உண்மையை உடைத்தாள்.

“ஏம்ப்பா பொய் சொன்ன?” என்றாள் பூங்கோதை.

“அதுக ரெண்டும் படிக்கிற பிள்ளைக மேடம். நான் எப்படியும் உப்பளத்து வேலைக்குத்தான போவேன்.”

வாசலில் நின்ற தலைமையாசிரியர் சிரித்தார். “இவனா? நன்னெறியில பதினெட்டு மார்க்கு. பொய்யில மட்டும் நூத்துக்கு நூறு!”

படிவத்தில் ஒரு பெயருக்கே இடம் இருந்தது. உண்மையை முதலில் சொன்னவள் ஒருத்தி. பாடத்தைப் பிசகாமல் ஒப்பித்தவன் ஒருவன். பொய் சொல்லி ஒருவரை மீட்டவன் இன்னொருவன். இம்மூவருள் பாடம் பலித்தது யாரிடம்? பூங்கோதை யார் பெயரை எழுதுவது முறை?

விடை: ஜெபராணியின் பெயரைச் சொல்லி முடிப்பாரும் உண்டு. அவள் நல்லவள்தான்; ஆனால் வகுப்பு வருமுன்பும் அவள் அப்படியே இருந்தாள். இசக்கிமுத்து வாய் திறந்தது, மறைக்க ஒன்றுமில்லாமற் போனபின். தன் அடியைப் பிறன் வாங்கக் கண்டு சிரித்தவன், ஓராண்டில் பிறர் அடியையும் தானே வாங்கப் போனான். பூங்கோதை சுடலைமணியின் பெயரை எழுதினாள். படிவத்தில் ஆசிரியர்களுக்குக் கட்டம் இல்லை. பாடம் பலிக்காதவர் என்று தலைமையாசிரியரின் பெயரை ஓரத்தில் எழுதினாள். செய்தியைச் சொல்ல மாசானத்தின் வீட்டுக்குப் போனபோது அவர் இடக்காதைத் திருப்பிக் கேட்டார். “அந்தப் பயலா? இருக்கட்டும். ஸ்டேஷனுக்கு எட்டு நாள் முந்தியே வந்திருக்கலாம்லா” என்றார்.