பருந்து போன பிறகு

"வான்னு எழுதட்டுமா, வராதேன்னு எழுதட்டுமா?" என்று கேட்டார் சைலஸ்.

தபீத்தாள் அம்மையார் நூல் நூற்றுக்கொண்டிருந்தார்.

அமெரிக்காவில், ஒஹாயோ ஆற்றங்கரையில், காட்டைத் திருத்திப் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் பதில் இல்லாமலே திரும்பியிருக்கிறார்கள். இருந்தும் போவதை யாரும் விடவில்லை.

சைலஸுக்கு அங்கே மரம் அறுக்கும் ஆலை இருந்தது. அவருடைய அக்காள் இருப்பது தொலைவில், கிழக்கே. கல்லைத் தவிர வேறெதுவும் விளையாத நிலம். அக்காளின் இளைய மகன் கடிதம் போட்டிருந்தான். மாமா, ஆலையில் எனக்கு வேலை இருக்குமா, கிளம்பி வரட்டுமா என்று.

மூன்று வருடத்துக்கு முன் மூத்தவனும் இதையேதான் கேட்டான். சைலஸ் வரச் சொன்னார். வந்த இருபதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டான். அக்காளுக்கு இப்போது மிச்சம் இந்த ஒருவன்தான்.

சைலஸ் நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். காய்ச்சல், பாம்பு, வெள்ளம், ஓநாய், ஒன்றையும் விடவில்லை. வா, வராதே என்ற கடைசி வரி மட்டும் பாக்கி. மதியம் கிளம்பும் படகில் கடிதம் போயாக வேண்டும்.

"படிச்சுக் காட்டட்டுமா அம்மா?"

"வெளியே வா."

வெளியே வெயில் மங்கிக்கொண்டு வந்தது. தெற்கேயிருந்து காட்டுப் புறாக்கள். லட்சமா, கோடியா, யாரால் சொல்ல முடியும்? வானமே இடம் பெயர்ந்து போவதுபோல் இருந்தது. சூரியன் மறைந்துவிட்டது. சைலஸ் தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றினார்.

ஆற்றுக்கு நேர்மேலே ஒரு பருந்து பாய்ந்தது. அந்த இடத்தில் கூட்டம் சரேலென்று தண்ணீர்வரை இறங்கி, வளைந்து, மறுபடி மேலேறியது. பருந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டது.

பின்னால் வந்தவை அதே இடத்துக்கு வந்தன. அதேபோல் இறங்கின, வளைந்தன, ஏறின.

அவற்றுக்குப் பின்னால் வந்தவையும்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கூட்டம் இன்னும் வந்துகொண்டேயிருந்தது. ஒன்றுகூட அந்த இடத்தை நேராகக் கடக்கவில்லை. சைலஸ் வாய் பிளந்து நின்றார்.

அம்மையார் அவர் காதருகே வந்து கேட்டார்.

"பருந்து எங்கே?"

"அது அப்பவே போயிருச்சே."

"அப்புறம் இதுங்க எதுக்கு இறங்குது?"

"முன்னாடி போனது இறங்குச்சு, அதைப் பார்த்து..."

சைலஸ் நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த நான்கு பக்கங்களையும் பார்த்தார்.

"அப்போ, வரச் சொல்லிடட்டுமா?"

"காட்டுல பருந்தே இல்லைன்னு நான் சொன்னேனா?"

அம்மையார் உள்ளே போய்விட்டார்.

சைலஸ் வெட்டிப்போட்ட மரத்தின்மேல் உட்கார்ந்தார். நான்கு பக்கங்களையும் கிழித்தார். புதுத் தாளில் எழுதினார்:

'இங்கே வேலை இருக்கிறது. காய்ச்சலும் இருக்கிறது. பயம் மட்டும் என்னுடையது; முடிவு உன்னுடையது.'