எடை குறைஞ்ச துப்பாக்கி

மலையடிவாரத்தில் கொம்பையா ஆசான் என்று ஒருவர் இருந்தார். வேட்டை கற்றுக்கொடுப்பது அவர் தொழில். அவர் குறி தவறி யாரும் பார்த்ததில்லை. அவர் சுட்டே யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

மான் சுட அரசாங்கம் லைசென்ஸ் கொடுத்த காலம் அது. ஒருநாள் காலை நல்லபெருமாள் ஆசான் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூரை ஓடு விற்கிற கடைக்காரர். நாற்பத்தெட்டு வயது. எங்கே போனாலும் அவருக்கு முன்னால் அவர் வயிறு போய்ச் சேர்ந்துவிடும். ஆசானுக்கு அவரைவிட வயது குறைவு. கடைக்கு ஓடு வாங்கப் போனால் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்றுதான் பேசுவார். ஆனால் வித்தை கேட்டு வருகிறவர்களிடம் ஆசானுக்கு அந்தப் பேச்சு கிடையாது.

"வாரும்வே. என்ன வேணும்?"

"மான் சுடணும் ஆசானே."

"சரி."

"எடை குறைஞ்ச துப்பாக்கி எது, அதுல என்ன நம்பர் தோட்டா போடலாம், இத மட்டும் சொன்னாப் போதும். நான் போய்க் கடையத் தொறந்துருவேன்."

ஆசான் வேப்பங்குச்சியால் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். துப்பிவிட்டுக் கேட்டார்.

"மான் உமக்கு என்னவே கெடுதல் செஞ்சுது?"

நல்லபெருமாள் வெட்கப்பட்டார். நாற்பத்தெட்டு வயதில் வெட்கப்படுவது சுலபமில்லை. அவருக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

விஷயம் இதுதான். மலையை ஒட்டிய ஊரில் ஆவுடையம்மை என்று ஒருத்தி இருந்தாள். அந்த ஊரில் பெண் கேட்டுப் போகிறவன் தோள்சீர் கொண்டுபோக வேண்டும். மானைத் தானே சுட்டு, தன் தோளிலேயே சுமந்து வந்து, பெண் வீட்டு முற்றத்தில் இறக்க வேண்டும். அதில் இன்னொருத்தர் கை படக் கூடாது.

ஆவுடைக்கு ஏற்கெனவே இரண்டு பேர் முயற்சி செய்து பார்த்தார்கள். ஒருவன் மானை மாட்டு வண்டியில் ஏற்றி வந்தான். ஆவுடையின் அப்பா, "சுமந்தது மாடுதானே, மாட்டுக்கே பொண்ணக் குடுக்கேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். இன்னொருவன் ஒரு செவலை ஆட்டை அடித்து, உடம்பெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி வைத்துக் கொண்டுவந்தான். வழியில் மழை பிடித்துக்கொண்டது. முற்றத்தில் இறக்கும்போது மானுக்கு ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. போதாக்குறைக்குத் தாடி வேறு இருந்தது.

நல்லபெருமாள் மூன்று தங்கைகளைக் கட்டிக்கொடுத்து முடித்தபோது தலை நரைத்திருந்தது. இனிமேல் நமக்கு என்ன என்று கடையே கதி என்றிருந்த மனிதர். கோயில் கொடைத் திருவிழாவில் ஆவுடை அவர் பக்கத்தில் வந்து, "நீங்களாவது ஒழுங்காக் கொண்டாந்துருவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் பேச்சு. அதற்கப்புறம் அவர் கடையில் கேட்ட ஓட்டுக்குப் பதில் வேறு ஓட்டைக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆவுடையை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சித்திரை பிறப்பதற்குள் சீர் வராவிட்டால் வேறு இடம் பார்க்கப் போவதாக அவள் அப்பா சொல்லியிருந்தார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆசான் வாய் கொப்பளித்தார்.

"எந்த மானுவே?"

"மிளாதான் ஆசானே. நல்ல கொம்போட. அவங்க அக்கா மாப்பிள்ளை வெறும் புள்ளிமான்தான் கொண்டாந்தாராம்."

மிளா என்பது மான்களில் பெரியது. எருமைக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி இருக்கும்.

"மிளாவத் தூக்க எத்தன ஆளு வேணும்?"

நல்லபெருமாள் யோசித்தார். "நாலு பேராவது வேணும்."

"அப்ப ஆவுடை நாலு மாலை கட்டி வைக்கணுமோ?"

நல்லபெருமாள் அப்போதே புள்ளிமானுக்கு இறங்கி வந்தார்.

ஆசான் வீட்டுச் சுவரில் இரண்டு துப்பாக்கிகள் தொங்கின.

"ரெண்டையும் தூக்கிப் பாரும்."

முதல் துப்பாக்கிக்கு நீளக் குழல், தடித்த மரக்கட்டை. தூக்கியதும் நல்லபெருமாளுக்கு முகம் கோணியது. "இதுக்கு எங்க வீட்டு உலக்கை தேவல" என்றார். இரண்டாவதை ஒரே கையில் தூக்கிவிட்டார். ஒரு எஸ்டேட் துரை எடை குறைவதற்காகக் குழலை வெட்டி, கட்டையைக் குடைந்து செய்யச் சொன்ன துப்பாக்கி அது.

"பஞ்சு மாதிரில்லா இருக்கு! இத ஏன் தொர விட்டுட்டுப் போனாரு?"

"ஒரு தடவ சுட்டாரு. மறுநாள் கொண்டாந்து தந்துட்டாரு."

இதை நல்லபெருமாள் கேட்டார், ஆனால் காதில் வாங்கவில்லை. பிடித்த சாமானைக் கையில் வைத்திருக்கிறவருக்குக் காது கேட்காது.

ஆசான் இரண்டு தோட்டாக்களைப் பலகையில் நிறுத்தி வைத்தார். கனத்த துப்பாக்கிக்கு இருநூற்று எழுபத்தைந்து நம்பர். அதன் குண்டு சுண்டுவிரலைவிட ஒல்லி. லேசான துப்பாக்கிக்கு நானூறு நம்பர். நம்பர் கூடினால் குழல் ஓட்டையும் பெரிது, குண்டும் பெரிது என்பது நல்லபெருமாளுக்குத் தெரியும்.

"லேசான துப்பாக்கிக்குத்தான் பெரிய தோட்டாவா?" அவருக்கு வாயெல்லாம் பல். "நமக்கு லேசு, மானுக்குக் கனம். இதுக்கு மேல என்ன வேணும் ஆசானே!"

"அப்படியாவே தோணுது?"

"பின்ன?"

"சுட்டுப் பாரும்."

ஆசான் மண்மேட்டுக்கு முன்னால் ஒரு பூசணிக்காயை வைத்தார். திரும்பி வந்து, நல்லபெருமாளுக்குப் பின்னால் இரண்டு கட்டு வைக்கோலை அவிழ்த்துப் பரப்பினார்.

"வைக்கோல் எதுக்கு?"

"மாட்டுக்கு."

அங்கே மாடு எதுவும் இல்லை.

வெடித்தது. மரத்திலிருந்த காக்கையெல்லாம் கலைந்தது. பூசணிக்காய் இருந்த இடத்தில் இருந்தது. நல்லபெருமாள் இருந்த இடத்தில் இல்லை.

வைக்கோலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஆசானே, விழுந்துட்டா?"

"ஒண்ணு விழுந்திருக்கு."

அவருடைய வலது தோள் வீங்கிவிட்டது. ஆசானே எண்ணெய் காய்ச்சித் தடவிவிட்டார். வீக்கம் வற்றியதும் நல்லபெருமாள் மறுபடியும் வந்தார். ஆளைக் குறைசொல்ல முடியாது, ஆவுடை மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. மறுபடியும் அதே துப்பாக்கியைத்தான் எடுத்தார். மறுபடியும் வைக்கோலில்தான் கிடந்தார்.

"குறி சரியாத்தான் வச்சேன். பூசணிக்காய்தான் நவுந்திருக்கணும்" என்றார்.

"இன்னொரு தடவ பாப்போம்."

ஆசான் துப்பாக்கியை வாங்கி, அந்தப் பக்கம் திரும்பி நின்று எதையோ செய்து, திருப்பிக் கொடுத்தார். நல்லபெருமாள் கட்டையைத் தோளில் வைத்தார். பல்லைக் கடித்தார். இரண்டு கண்ணையும் இறுக மூடினார். விசையை இழுத்தார்.

'டிக்' என்று மட்டும் சத்தம் கேட்டது.

நல்லபெருமாள் பின்பக்கமாக வைக்கோலில் போய் விழுந்தார்.

ஆசான் அவர் பக்கத்தில் போய் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். நானூறு நம்பர் தோட்டா அதில் இருந்தது.

"நான் போடவே இல்ல. ஒம்ம யாருவே தள்ளுனா?"

நல்லபெருமாள் வைக்கோலில் கிடந்தபடியே வானத்தைப் பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது. தோளுக்காக வந்த அழுகை இல்லை.

"என்னால ஆவாது ஆசானே. அவகிட்ட நான் என்னத்தச் சொல்லுவேன்?"

"எந்திரியும்."

ஆசான் சுவரிலிருந்து கனத்த துப்பாக்கியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். நல்லபெருமாள் முனகிக்கொண்டே தூக்கிப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"மூடாதயும். இது அடிக்காது."

"ஏன் அடிக்காது?"

"குண்டு சின்னது. துப்பாக்கி கனம். ஒம்ம வந்து சேர வேண்டிய அடிய அது வாங்கிக்கிடும்."

சுட்டார். தோளை யாரோ லேசாகத் தட்டிக்கொடுத்த மாதிரி இருந்தது. பூசணிக்காயில் ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. நல்லபெருமாள் ஓடிப்போய் அந்த ஓட்டை மேல் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"ஆனா ஆசானே, இந்த உலக்கைய எப்படி மலை மேல சுமக்க?"

"தோள்லதான்."

பங்குனிக் கடைசியில் இருவரும் மலையேறினார்கள். நல்லபெருமாள் துப்பாக்கியை வாரோடு தோளில் மாட்டிக்கொண்டு போனார். ஆசான் கைவீசிக்கொண்டு பின்னால் போனார். முதல் திருப்பத்தில் நல்லபெருமாள் நின்றார்.

"துப்பாக்கி கனக்கு ஆசானே."

"சரி."

அடுத்த திருப்பத்திலும் நின்றார். "ரொம்பக் கனக்கு. அந்தப் பஞ்சுத் துப்பாக்கியோட குழல்ல இந்தச் சின்னத் தோட்டாவப் போட முடியாதா?"

"ஒம்ம கடையில சின்னக் கூரையோட்டப் பெரிய சட்டத்துல மாட்டுவீரா?"

"மாட்ட மாட்டேன். உருவிக்கிட்டு விழுந்துரும்."

"நடயும்வே."

அதற்குப் பிறகும் அவர் விடவில்லை. வார் அறுக்கிறது என்றார். கட்டை இடுப்பில் இடிக்கிறது என்றார். இதைச் செய்தவன் நாசமாய்ப் போவான் என்றார். ஆசான் எல்லாவற்றுக்கும் "சரி" என்றார்.

ஓடைக் கரையில் புள்ளிமான் ஒன்று தனியாக நின்றது. நடுத்தரமான கிடா. நல்லபெருமாள் ஒரு பாறையில் குழலைச் சாய்த்தார். கண்ணை மூடவில்லை. ஒரே வெடிதான். மான் நின்ற இடத்திலேயே மடங்கியது.

நல்லபெருமாள் பக்கத்தில் போய்ப் பார்த்தார். குனிந்து அதன் நெற்றியைத் தொட்டு, "மன்னிச்சுக்கோ" என்றார். பிறகு துப்பாக்கியை முதுகில் மாட்டிக்கொண்டு, மானை இழுத்துக் கழுத்துக்குக் குறுக்கே போட்டு, முன்னங்காலை ஒரு கையிலும் பின்னங்காலை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு எழுந்தார். மூன்று தடவை எழ முயன்று மூன்று தடவையும் உட்கார்ந்துவிட்டார் என்பதை ஆசான் யாரிடமும் சொல்லவில்லை.

இறக்கம் முழுக்க நல்லபெருமாள் பேசிக்கொண்டே வந்தார். ஆவுடைக்கு மாடம் வைத்த வீடு பிடிக்குமா என்றார். கடைசித் தங்கை இந்தக் கல்யாணத்துக்கு என்ன சொல்வாளோ என்றார். மூச்சு வாங்கும்போது மட்டும் நிறுத்தினார். வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. ஊர் எல்லையில் ஒரு ஆள் ஓடிவந்து, "குடுங்க அண்ணாச்சி, கொஞ்ச தூரம் நான் தூக்குதேன்" என்று கை நீட்டினார்.

"தொட்டீரு, கெட்டீரு!" என்று நல்லபெருமாள் அலறிய அலறலில் அவர் வந்த வழியே போய்விட்டார்.

ஆவுடை வீட்டு முற்றத்தில் மானை இறக்கினார். அவள் அப்பா வந்து குனிந்து பார்த்தார். கட்டைவிரலில் எச்சில் தொட்டு ஒரு புள்ளியை அழுத்தித் தேய்த்தார். போகவில்லை. இன்னொன்றையும் தேய்த்தார். கடைசியாக மோவாயைத் தடவிப் பார்த்தார். தாடி இல்லை.

"ஏட்டி, தண்ணி கொண்டா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

ஆவுடை செம்போடு வந்தாள். நல்லபெருமாளின் சட்டை முழுக்க ரத்தமும் வியர்வையுமாக இருந்தது. முகம் பழுத்த மிளகாய் நிறத்தில் இருந்தது. அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரொம்பக் கனமோ?"

"கனமா? எது?" என்றார் நல்லபெருமாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். ஆவுடை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

நல்லபெருமாள் செம்புத் தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். கொஞ்சம் தெம்பு வந்தது. தெம்பு வந்ததும் பழைய கேள்வியும் வந்தது.

"ஆசானே, இப்பக் கேக்கலாம்லா? மொத நாளே கேட்டேன். நீரு இன்னும் பதிலு சொல்லல. எடை குறைஞ்ச துப்பாக்கி எதுவாக்கும்?"

கொம்பையா ஆசான் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணாச்சி, ஒங்க முதுகுல என்ன தொங்குது?"