ஏழு புள்ளி ஒன்றில் ஒரு மீசை

பொட்டல்விளைக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சொல்கிறவன் பொய்யன். நிறையவே உண்டு. தேய்ந்துவிடக் கூடாதே என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வீட்டிலிருந்தே ரேடியோவில் வெளியூர்க்காரர்களோடு பேசுகிற அந்த ஊர் ஹாம் ரேடியோ சங்கத்துக்குத் தலைவர் தங்கப்பழம். தன் கையாலேயே ஒரு செட் செய்து முடித்திருந்தார். அதைவிடப் பெரிய சொத்து அவருடைய மீசை. காதுவரை போய், அங்கே ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பும். அதற்குத்தான் ஆபத்து வந்தது.

தூத்துக்குடியில் இருக்கிற மச்சான் வெயிலுகந்தான் ஒரு கல்யாணப் பந்தியில், பாயசத்துக்கு நடுவே சவால் விட்டுவிட்டார்.

"மாப்ளே, ஞாயித்துக்கிழமை காலைல ஏழு புள்ளி ஒண்ணு மெகா ஹெர்ட்ஸ்ல கூப்பிடுவேன். உம்ம தகர டப்பா பதில் சொல்லலேன்னா நானே கத்தியோட வந்து அந்த மீசையை எடுப்பேன்."

இரண்டு செட்டும் ஒரே ஃப்ரீக்வென்சியில் ஓடினால்தான் பேச்சு கேட்கும். இந்தச் செட் எதில் ஓடுகிறது என்று தெரிய வேண்டுமே. அதை அளக்கிற கவுண்டர் கருவி ஒன்றை, இருப்பதிலேயே மலிவாகப் பார்த்து, தபாலில் வரவழைத்தார்கள். சோப்பு டப்பா அளவு. நம்பரைச் சிவப்பாகக் காட்டும். மச்சான் நல்ல மனுஷன், போனில் வழியும் சொன்னார்:

"கவுண்டரைச் செட்டோட சேர்க்கிற கனெக்டரை நல்லா இறுக்கித் திருகுங்க. கவுண்டர் கொஞ்சம் சூடேறட்டும். அப்புறம் கவுண்டர்ல ஏழு புள்ளி ஒண்ணு வர்ற வரைக்கும் குட்டி ஸ்க்ரூவைத் திருப்புங்க."

கனெக்டரைச் சங்கத்து உறுப்பினர் மாசிலாமணி அசையாமல் பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் செட்டைத் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றி வந்தார்கள். இறுகியது. கரண்ட் வயரும் மாசிலாமணியும்கூடச் சேர்ந்து இறுகிவிட்டார்கள். அவரை அவிழ்க்க மதியமாகிவிட்டது.

அடுத்தது சூடு.

"எவ்வளவு சூடுன்னு மச்சான் சொல்லலையேவே?" என்றார் இன்னொரு உறுப்பினர் சண்முகக்கனி.

"டீ சூடா, இட்லிச் சூடா?" என்றார் மாசிலாமணி.

"கொஞ்சம்னுதான சொன்னாரு. இடியாப்பச் சூடு போதும்" என்றார் தங்கப்பழம்.

இடியாப்பத் தட்டில் வைத்து ஆவி காட்டினார்கள். துடைத்து எடுத்து ஆன் செய்ததும் சிவப்பாய் ஒரு நம்பர் குதித்தது.

"செட்டை இன்னும் போடவே இல்லை, அதுக்குள்ள நம்பர் சொல்லுது பாத்தீரா! மலிவா இருந்தாலும் சுறுசுறுப்பு!" என்று தங்கப்பழம் மீசையைத் தடவிக்கொண்டார்.

செட்டைப் போட்டார்கள். ஏழு புள்ளி பூஜ்யம் எட்டு. ஏழு புள்ளி ஒன்றுக்குக் கொஞ்சம் குறைவு. இப்போது திருப்ப வேண்டியது ஸ்க்ரூ. செட்டில் ஒன்று இருந்தது. கவுண்டரிலும் ஒன்று இருந்தது.

சபை கூடியது.

"செட்டுல திருப்பினா செட்டு மாறிரும். ஓடுற செட்டை ஏன் கெடுக்கணும்?" என்றார் மாசிலாமணி.

"மச்சான் என்ன சொன்னாரு? 'கவுண்டர்ல வரணும்'னாரு. கவுண்டர்ல வரணும்னா கவுண்டர்லதான திருகணும்?" என்றார் சண்முகக்கனி.

தங்கப்பழம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கவுண்டரின் ஸ்க்ரூவைத் திருப்பினார். ஏழு புள்ளி ஒன்று! செட் இருந்த இடத்திலேயே இருந்தது. நம்பர் மட்டும் சரியாகிவிட்டது. ஸ்க்ரூ இனி அசையக் கூடாதென்று அதன் மேல் மெழுகை ஊற்றினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தங்கப்பழம் மைக்கைப் பிடித்துக் கூப்பிட்டார், கத்தினார், கெஞ்சினார். 'உஸ்' என்ற சத்தத்தைத் தவிர வேறொன்றும் வரவில்லை. வலது பக்க மீசை தானாகவே தொங்க ஆரம்பித்தது. அப்போது போன் அடித்தது.

"மாப்ளே, ஒண்ணும் கேக்கலை!"

"உங்க செட்டு என்ன நம்பர் காட்டுது மச்சான்?"

"ஏழு புள்ளி ஒண்ணு."

"எங்க கவுண்டரும் அதேதான்! அப்ப நாம பேசிக்கிட்டுத்தான இருக்கோம்? போனை வைங்க, இடைஞ்சலா இருக்கு."

டக்கென்று போனை வைத்தார். மீசை நிமிர்ந்தது. 'உஸ்' சத்தத்துக்குத் தலையாட்டியபடி, "அப்படியா மச்சான்... அக்கா சொகமா?" என்று பேச்சைத் தொடர்ந்தார்.

வெயிலுகந்தான் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். கத்தியும் கையுமாக வந்து இறங்கியவரை வாசலிலேயே மறித்தார் மாசிலாமணி.

"ஷ்ஷ்! தலைவர் மச்சான்கூடப் பேசிக்கிட்டிருக்காரு. அந்தப் பெஞ்சுல உக்காரும்."

"யோவ், அந்த மச்சானே நான்தான்யா!"

"நீர் இங்க இருந்தா அங்க பேசறது யாரு?"

சத்தம் கேட்டுத் திரும்பிய தங்கப்பழம் கத்தியைப் பார்த்தார். இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டு, மைக்கில் வாயை வைத்து அலறினார்:

"மச்சான், எவனோ ஒருத்தன் கத்தியோட வந்திருக்கான்! நீங்க உடனே கெளம்பி வாங்க!"