முதுகு பார்க்கும் வேளை

பித்தளைத் தட்டில் ஒற்றைக் கடுகு விழுந்தால் எழும் சத்தம். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் மரகதம் அதைக் கேட்டாள். மலையடிவாரத்து ஆசிரமத்துக்கு அவள் வந்த முதல் நாள் அது. அவள் கழுத்துக்குக் கீழே, முதுகில் ஒட்டியிருந்த உண்ணியை இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டார் பூரணி அம்மை.

"முகத்தை நீ பார்த்துக்க. முதுகை இங்கே இன்னொருத்தர்தான் பார்க்கணும்" என்றார்.

அதுதான் அந்த இடத்தின் வழக்கம். மான் படுக்கிற காட்டில் பசுவுக்குப் புல் அறுத்துத் திரும்பினால், விளக்கு ஏற்றுமுன் ஒருவர் முதுகை ஒருவர் பார்க்க வேண்டும். பார்த்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஆசிரமம் என்று பேர்தான். இருந்தது அம்மையும் மரகதமும். பத்தொன்பது வருஷமாக அம்மையின் பிடரி மரகதத்துக்குச் சொந்தம். அங்கே எந்த மயிர் எப்போது நரைத்தது என்றுகூட அவளுக்குத் தெரியும்.

தை மாதம் குமுதினி வந்தாள். நாற்பது வயது. கும்பகோணத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். அன்று சாயங்காலமே அம்மை சொன்னார்.

"குமுதினி, நீ என் பின்னால உட்காரு. மரகதம், நீ அவ முதுகைப் பாரு. உன் முதுகை நான் பார்த்துக்கறேன்."

மூவரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். மரகதத்தின் கண் குமுதினியின் முதுகில் நிற்கவில்லை. அம்மையின் பிடரியில் ஊர்ந்த குமுதினியின் விரல்களிலேயே இருந்தது.

"அம்மா, இது உண்ணியா, மச்சமா?"

"கிள்ளிப் பாரு. நான் கத்தினா மச்சம்."

இருவரும் சிரித்தார்கள். தன்னோடு அம்மை இப்படி ஒரு நாளாவது சிரித்ததுண்டா என்று மரகதம் நினைத்துப் பார்த்தாள். அந்த நினைப்பில், தன் முதுகில் ஊர்ந்த அம்மையின் விரல்களை அவள் உணரவேயில்லை.

மாசி கடைசி வெள்ளிக்கிழமை குமுதினி பாடிக்கொண்டே பார்த்தாள். அம்மை தாளம் போட்டார். தாளம் மரகதத்தின் முதுகில் விழுந்தது. அவளுக்கு அது அடி போல இருந்தது. அந்த நிமிஷம்தான் குமுதினியின் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் எள்ளளவு உண்ணி ஒன்று தெரிந்தது.

"என்னக்கா, ஏதாவது இருக்கா?"

"ஒண்ணுமில்ல."

மறுநாள் சொல்லிவிடலாம் என்றிருந்தாள். மறுநாள் அது பெருத்திருந்தது. இப்போது சொன்னால் நேற்று ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே. நாலாம் நாள் உண்ணி தானாக உதிர்ந்துபோனது. மரகதம் நிம்மதியாக மூச்சுவிட்டாள். எட்டாம் நாள் அதே இடத்தில், நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டியது போல, சிவப்பாக ஒரு வட்டம்.

"ஒண்ணுமில்ல" என்றாள் அன்றும். அது வெளிறி மறையும்வரை எல்லாச் சாயங்காலமும் அதையே சொன்னாள்.

பங்குனியில் குமுதினிக்குக் காய்ச்சல் கண்டது. மூட்டெல்லாம் வலி. ஒரு காலையில் எழுந்தபோது முகத்தின் இடது பக்கம் தொங்கிப்போயிருந்தது.

கீழே ஊரில் இருந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெசிந்தா அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"லைம் காய்ச்சலோன்னு ஒரு சந்தேகம். உண்ணி கடிச்சு வர்றது. நம்ம பக்கம் அபூர்வம்தான். உண்ணி ஏதும் கடிச்சதா? எங்கேயாவது வட்டமா சிவந்ததா?"

குமுதினி கோணிய வாயால் சொன்னாள். "இல்லை டாக்டர். தினமும் அக்கா பார்ப்பாங்க. அவங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது."

அம்மை குமுதினியின் பாதங்களை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தார். மரகதம் அந்தக் கையையே பார்த்தாள்.

"எனக்கும் முழங்கால் வலிக்குதுங்க டாக்டர். எனக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்க."

"எத்தனை நாளா வலிக்குது?"

"பத்து வருஷமா."

நர்ஸ் சிரித்துவிட்டாள். இருவரும் ஒரே காட்டில் நடமாடுகிறவர்கள் என்பதால் டாக்டர் அவளுக்கும் எடுக்கச் சொன்னார்.

நாலாம் நாள் இரண்டு தாள்கள் வந்தன. இரண்டிலும் ஒரே சொல். இல்லை.

"உங்க முழங்காலுக்கு வயசுதான் காரணம்" என்றார் டாக்டர் மரகதத்திடம். பிறகு அம்மையைப் பார்த்தார். "குமுதினிக்கும் இல்லைன்னுதான் வந்திருக்கு. ஆனா கடிச்ச புதுசுல எடுத்தா, நோய் இருந்தாலும் இல்லைன்னு வரலாம். கடிச்ச நாள் தெரிஞ்சு, அந்த வட்டத்தைக் கண்ணால பார்த்தவங்களும் இருந்தா, நான் இந்தத் தாளை ஒதுக்கிட்டு இன்னைக்கே வைத்தியம் தொடங்கிடுவேன். எதுவும் தெரியலைன்னா சாதாரண முகவாதம்னு எடுத்துக்க வேண்டியதுதான். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."

"லைமா இருந்து, கவனிக்காம விட்டா?" என்று கேட்டார் அம்மை.

"நரம்புல தங்கும், மூட்டுல தங்கும். இதயத்தையும் தொடலாம்."

வராந்தா பெஞ்சில் அம்மையும் மரகதமும் உட்கார்ந்தார்கள். மரகதம் கேட்டாள்.

"அம்மா, பரிசோதனை இல்லைன்னு சொன்னா, இல்லைதானுங்களே?"

அம்மை திரும்பி உட்கார்ந்து கொண்டையை ஒதுக்கினார்.

"ஆஸ்பத்திரிக்கும் காட்டுக்கும் அலைஞ்சதுல நாலு நாளா முதுகு பார்க்கறதே நின்னுபோச்சு. பாரு."

மூன்று மாதத்துக்குப் பிறகு அந்தப் பிடரி. மரகதம் மயிரை விலக்கிப் பார்த்தாள்.

"ஒண்ணு இருக்குதும்மா."

"எத்தனை நாளா இருக்கும்?"

"ரெண்டு நாள். வயிறு இப்பத்தான் உப்புது."

முந்தானையில் முடிந்திருந்த இடுக்கியை எடுத்தாள். உண்ணியை டிபன் மூடியில் போட்டாள். கடுகு விழுகிற சத்தம் கேட்டது.

அம்மை கொண்டையை முடிந்துகொண்டார்.

"டாக்டர் இன்னும் உள்ளேதான் இருக்காங்க" என்றார்.

மரகதம் எழுந்து உள்ளே போனாள். குமுதினியின் கட்டிலருகே நின்றபடி டாக்டரிடம் சொன்னாள்.

"மாசி கடைசி வெள்ளிங்க. ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல. நாலாம் நாள் தானா விழுந்துச்சு. எட்டாம் நாள் வட்டம் வந்துச்சு. ரூபாய்க் காசைவிடப் பெருசு, நடுவுல வெளுப்பு. நான் பார்த்தேன்."

டாக்டரின் பேனா நின்றது. பிறகு வேகமாக எழுதத் தொடங்கியது.

"அக்கா" என்றாள் குமுதினி. "ஒண்ணுமில்லன்னுதானே சொன்னீங்க?"

மரகதம் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு வெளியே வந்தாள். அம்மை அதே பெஞ்சில் இருந்தார். அவள் உட்காரவில்லை.

"பத்தொன்பது வருஷம் நான் பார்த்த முதுகு, அம்மா. வந்த அன்னைக்கே அதை அவ கையில ஏன் கொடுத்தீங்க?"

"அவளுக்குக் கண் பழகலை. தப்பினா என் முதுகுல தப்பட்டும்னு என்னைக் கொடுத்தேன். அவ முதுகை, தப்பாத கண்ணுகிட்ட கொடுத்தேன்."

மரகதம் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

குமுதினி இருபத்தெட்டு நாள் மருந்தில் தேறி எழுந்தாள். அதற்குப் பிறகும் பல வருஷம் பாடினாள். சிரிக்கும்போது மட்டும் உதட்டின் இடது ஓரம் கொஞ்சம் தாமதமாக வந்து சேரும்.