பத்தியம் முறித்தவர்கள்

முன்னொரு காலத்தில், எந்த ஊர் என்று கேட்டால் எனக்கும் தெரியாது, ஒரு ராஜா இருந்தார். நல்லவர்தான். ஆனால் ஒரு விஷயம் புரியாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. புரியாததற்கெல்லாம் ஒரு கட்டளை போட்டுவிட்டுத்தான் அடுத்த கவளத்தை எடுப்பார்.

அந்த வருஷம் மழை ஓய்ந்ததும் ஊரெங்கும் விஷக்காய்ச்சல் பரவியது. மேட்டிலிருந்த மேலத்தெருவிலும் வந்தது, அந்தத் தெருவின் சாக்கடை போய் விழும் பள்ளத்தெருவிலும் வந்தது. ராஜாவையும் விடவில்லை. அரண்மனை வைத்தியர் ஆதிமூலம் ஒரே அண்டாவில் லேகியம் கிண்டி ஊருக்கெல்லாம் ஒரே அளவாகக் கொடுத்தார். கூடவே கடும் பத்தியமும் சொன்னார். நெய், பால், தயிர், இனிப்பு, பகல் தூக்கம் எல்லாவற்றையும் அறவே விலக்க வேண்டும்.

மேலத்தெரு எழுந்து நடமாடத் தொடங்கியது. ராஜாவும் எழுந்துவிட்டார். பள்ளத்தெரு மட்டும் பாயைவிட்டு எழவில்லை.

"ஒரே காய்ச்சல், ஒரே மருந்து. இதென்ன குழப்பம், வைத்தியரே?" என்றார் ராஜா.

"குழப்பமே இல்லை, மகாராஜா. அந்தத் தெருவார் வாயைக் கட்டத் தெரியாதவர்கள். பத்தியத்தை முறித்திருப்பார்கள். பழி என் மருந்தின்மேல் விழுகிறது."

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பத்தியம் முறித்தவர் யாராயினும் அமாவாசையன்று ஆற்றுக்கு அக்கரையில் கொண்டுபோய் விடுங்கள்!"

அக்கரையில் இருப்பது காடு. காய்ச்சலோடு போகிறவர் திரும்பி வருவது நடக்காத காரியம்.

சபையில் தாண்டவன் என்றொரு விதூஷகன் இருந்தான். அவன் பேசினால் ராஜா சிரிப்பார், சிரித்தால் அள்ளிக் கொடுப்பார். வைத்தியருக்கு அதைக் கண்டாலே வயிறு எரியும். தாண்டவன் பிறந்தது பள்ளத்தெருவில் என்பதும் அவருக்குத் தெரியும்.

"முறித்தவர்களைப் பிடிக்கும் பொறுப்பைத் தாண்டவனிடமே கொடுங்கள், மகாராஜா. ஒருவரை மறைத்தாலும் அவனும் அக்கரைக்குப் போகட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

தாண்டவன் தலை வணங்கினான். "யாராயினும் என்றுதானே உத்தரவு?"

"யாராயினும்!"

தாண்டவன் இரண்டு காவலர்களோடு பள்ளத்தெருவுக்குப் போனான். செங்கல் சூளையில் மண் மிதிக்கும் வீராயி வாசலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அவள் மகள் சுருண்டு கிடந்தாள்.

"வீராயி, நெய் கிய் தின்னியா?"

"நெய்யா? கோயில் வெளக்குல ஊத்துவாங்களே, அதுவா? அத எதுக்கு நான் திங்கப் போறேன்?"

"பால்?"

"பசுவெல்லாம் மேலத்தெருவுல இல்ல இருக்கு."

"பகல்ல தூங்கினியா?"

"நான் தூங்கினா மண்ண யாரு மிதிக்கிறது?" வீராயி அவனைக் கலக்கத்தோடு பார்த்தாள். "ஏண்ணே, இதெல்லாம் விடணும்னு வைத்தியரு சொன்னாரு. இல்லாதத எப்படி விடுறதுன்னு எனக்குப் புரியல. நான்தான் ஏதோ தப்பா விட்டுட்டேனா? அதான் புள்ள எந்திரிக்கலையா?"

தாண்டவனுக்கு வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. பானையைத் திறந்து பார்த்தான். குட்டைத் தண்ணீரில் காய்ச்சிய கஞ்சி, அதுவும் அடியில் கொஞ்சம். எந்த வீட்டிலும் அதே கதைதான்.

"அடுத்து எங்கே?" என்றார்கள் காவலர்கள்.

"மேலத்தெருவுக்கு. உத்தரவு உத்தரவுதானே."

அமாவாசையன்று சபை நிறைந்தது. தாண்டவன் நிறுத்தியிருந்த வரிசையில் பெரிய மனிதர்கள் தலை குனிந்து நின்றார்கள். ஒருவர் கையில் நெய்க்கிண்ணம், ஒருவர் கையில் தயிர்ச்சட்டி. கடைசியில் வைத்தியர், கையில் பால்கோவா.

"அது மருந்துக்காக வைத்திருந்தது, மகாராஜா!"

"மத்தியானம் விட்ட குறட்டையும் மருந்துக்காகவா, வைத்தியரே? காவலர் இருவரும் கேட்டார்கள்" என்றான் தாண்டவன். "இன்னும் ஒருவர் பாக்கி, மகாராஜா. அரண்மனை மடைப்பள்ளியிலும் விசாரித்தேன். தினமும் அல்வா கிண்டினார்களாம்."

ராஜா அவசரமாக மீசையைத் துடைத்துக்கொண்டார். "பள்ளத்தெருவில் எத்தனை பேர்?"

"ஒருவரும் இல்லை. அவர்கள் பிறந்ததிலிருந்தே பத்தியத்தில் இருக்கிறார்கள்."

ராஜா தலையைப் பிடித்துக்கொண்டார். "காத்தவன் படுத்திருக்கிறான், முறித்தவன் எழுந்துவிட்டான்! எனக்கு ஒன்றுமே புரியவில்லையே!"

"எனக்கும்தான் புரியவில்லை. ஆனால் கட்டளை புரிகிறது. படகு தயார். தாங்கள்தான் முதலில் ஏற வேண்டும்."

வைத்தியர் பால்கோவாவை மெல்ல முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"வேறு வழியே இல்லையா, தாண்டவா?" என்றார் ராஜா.

"ஒன்று உண்டு. பள்ளத்தெருவாரும் பத்தியத்தை முறித்துவிட்டால் ஊரே குற்றவாளியாகிவிடும். அப்புறம் யாரை யார் துரத்துவது? படகு தள்ளக்கூட ஆள் இருக்காது."

"முறிக்கச் சொல்! உடனே முறிக்கச் சொல்!"

"முறிக்க அவர்களிடம் நெய் இல்லையே, மகாராஜா. பாலும் இல்லை."

"அரண்மனையிலிருந்து கொடு!"

"பால் பானையைக் கழுவக் குட்டைத் தண்ணீர் ஆகாது. மேலத்தெருக் கிணற்றை அவர்கள் தொட விடுவதில்லை."

"தொடட்டும்! இறைக்கட்டும்!"

"பகலில் தூங்கினால் கூலி போய்விடும். கூலி போனால் அடுப்பு எரியாது."

"படுத்திருக்கும் நாளுக்கும் கூலி கொடுக்கச் சொல்! அந்தச் சாக்கடையையும் வேறு பக்கம் திருப்பு! இன்னும் ஏதாவது உண்டா?" ராஜாவின் கண் படகுத்துறைப் பக்கமே இருந்தது.

இப்படியாக அந்த ஊரில் குற்றம் செய்வதற்கு அரசாங்கமே வண்டி வண்டியாகப் பண்டம் அனுப்பியது. எதற்கென்று வண்டிக்காரர்களுக்கும் விளங்கவில்லை, வாங்கியவர்களுக்கும் விளங்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ராஜா பள்ளத்தெருவுக்கே வந்தார். வீராயியின் மகள் வாசலில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தாள். வைத்தியர் முந்திக்கொண்டு முன்னால் வந்தார்.

"பார்த்தீர்களா, மகாராஜா? எல்லாம் என் பத்தியத்தின் மகிமை!"

வீராயி பயந்துபோய் ஓடிவந்து கும்பிட்டாள்.

"சாமி, ராஜாகிட்ட பொய் சொல்ல மாட்டேன். ரொம்ப நாளு அந்தப் பத்தியத்துலதான் வெச்சிருந்தேன், புள்ள கண்ணே தொறக்கல. முறிச்ச பொறவுதான் எந்திரிச்சா. தப்புதான். எங்கள அக்கரைக்கு அனுப்பிடாதீங்க!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியபோது அவர் கண் ஈரமாக இருந்தது. கழுத்திலிருந்த முத்து மாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். பிறகு வீராயியைப் பார்த்து, "இனிமேலும் முறித்துக்கொண்டே இரு, அம்மா. அது என் கட்டளை" என்றார்.